பாதியில் திரும்பிய பயணமும் இந்தப் பருவத்து மாற்றங்களும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வழக்கமாக முதல் பனி விழுந்ததும் பனிவண்டிப் (ஸ்னோமொபைல்) பயணங்களின் தேதிப் பட்டியலை மட்டும் அனுப்பிவிட்டு வண்டிகளைத் துடைக்கப் போய்விடுவோம். இந்த முறை கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. காரணம் உங்களில் பலர் காதுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். போன பருவத்தின் கடைசியில் எங்களோடு வந்த ஒரு குழுவைக் கணவாய்க்குக் கீழேயே திருப்பிக் கூட்டி வந்துவிட்டோம் என்று பேச்சு. அது உண்மைதான், திருப்பித்தான் கூட்டி வந்தோம். ஆனால் கூடவே, "பெட்ரோலை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்தார்கள்" என்று ஒரு வரியும் சேர்ந்து சுற்றுகிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

சரி, பெட்ரோல் கணக்கையே முதலில் பார்த்துவிடுவோம். கணவாயைத் தாண்டினால் அன்றிரவு தங்கும் இடம் பக்கம். திரும்பி இறங்கி, பள்ளத்தாக்கைச் சுற்றிக் காட்டுப் பாதையில் போனதில் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. வழியில் எல்லா வண்டிக்கும் கேனிலிருந்து மறுபடி ஊற்றினோம். அந்தக் குழுவில் ஒருவர்தான் புனலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிச்சம் பிடிக்க நினைப்பவன் செய்கிற வேலையா இது?

"வெயில் பளிச்சென்று அடித்தது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை" என்கிறார்கள். ஆமாம், இல்லைதான். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாளும் பனி கொட்டியது, காற்றும் விடாமல் அடித்தது. காற்று ஒரு பக்கச் சரிவிலிருந்து பனியை வாரி, முகட்டைத் தாண்டி மறுபக்கத்தில் கொட்டும். அங்கே அது கெட்டியான பலகையாக இறுகிவிடும். அதற்கு அடியில் பருவத்தின் தொடக்கத்தில் விழுந்த பழைய பனி சர்க்கரை போல ஒட்டாமல் பொலபொலவென்று கிடந்தால், மேலே இருக்கிற பலகைக்குப் பிடிமானமே கிடையாது. புயல் ஓய்ந்து வானம் வெளுத்த முதல் ஒன்றிரண்டு நாட்கள்தான் பலரை ஏமாற்றுகிற நாட்கள். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில்தான் கிளம்பும். நாங்கள் கடக்க வேண்டிய சரிவு அந்தக் கணக்குக்குள் வந்தது.

அன்று வழிகாட்டி என்ன செய்தார் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் "சும்மா பனியைத் தோண்டி விளையாடிக்கொண்டிருந்தார்" என்றும் சொல்லப்படுகிறது. பனி அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றனவா என்று பார்க்க, அவர் ஆபத்தில்லாத சிறு மேட்டில், அதே திசை பார்த்த இடத்தில், குழி வெட்டினார். பனியில் ஒரு முழ அகலத்துக்கும் குறைவான சதுரத் தூணைத் தனியாகச் செதுக்கி, அதன் தலையில் மண்வாரியை வைத்துத் தட்டினார். முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, அப்புறம் முழங்கையிலிருந்து பத்து, கடைசியில் தோளிலிருந்து பத்து என்பது முறை. தோள் வரைக்கும் போகவே தேவைப்படவில்லை. முழங்கையிலிருந்து தட்ட ஆரம்பித்ததுமே மேல் அடுக்கு முழுசாக வழுக்கி வந்து அவர் மடியில் விழுந்தது. அதைப் பார்த்த பிறகும் வரிசையாக வண்டிகளை மேலே ஏற்ற எனக்குத் துணிச்சல் கிடையாது.

அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை அறிவிப்பில் ஆபத்து நிலை ஐந்தில் மூன்று. "நடுத்தரம்தானே" என்று கேட்டார்கள். அந்த அளவுகோலில் படிக்குப் படி ஆபத்து ஒரே அளவில் கூடுவதில்லை, பெருகிக்கொண்டு போகும். நான்கு, ஐந்து என்றால் யாரும் வெளியே கிளம்ப மாட்டார்கள். மூன்றில் தைரியமாகக் கிளம்பிவிடுகிறார்கள், உயிர்ச்சேதமும் அந்த நிலையில்தான் அதிகம். எஞ்சின் சத்தத்தில் பனி சரியும் என்பது வெறும் கதை. சரிய வைப்பது எடை. மலை ஏறும் வண்டியோடு ஆளையும் பெட்ரோலையும் சேர்த்தால் 300 கிலோவை ஒட்டி வரும். ஆட்களைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை சிக்கிக்கொண்டவரோ அவரோடு வந்தவரோ கிளப்பிவிட்டவைதான்.

காலையில் வண்டி நிறுத்துமிடத்திலேயே பீக்கனை (புதைந்தவரைக் கண்டுபிடிக்க, உடம்பில் மாட்டிக்கொள்ளும் சிக்னல் கருவி) வைத்துத் தேடும் பயிற்சி கொடுப்பதை நேர விரயம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பனிக்குள் புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு அது மளமளவென்று குறையும். கைபேசிக்கு சிக்னலே இல்லாத மலையில் அந்த நேரத்துக்குள் வெளியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. அதனால் பக்கத்து வண்டிக்காரர்தான் உங்கள் மீட்புப் படை. பீக்கன், துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், வண்டிப் பெட்டியில் அல்ல, உடம்போடு. எந்த நிறுவனத்தின் பீக்கனாக இருந்தாலும் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில்தான் பேசும், ஆகவே சொந்தமாக வைத்திருப்பவர்கள் கொண்டு வரலாம். கைபேசியையும் சூடேற்றும் கையுறையின் பேட்டரியையும் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள், குழப்பிவிடும்.

இன்னொரு செய்தி. எங்களிடம் நெடுநாள் இருந்த மூத்த வழிகாட்டி விலகிவிட்டார். மனக்கசப்பு எதுவும் இல்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவர் இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். மலையைத் தெரிந்தவர் கிடைக்கிறார், ஆட்களோடு பழகத் தெரிவதில்லை. பழகத் தெரிந்தவருக்கு மலை தெரிவதில்லை. அதுவரை ஒரு குழுவுக்கு ஆறு வண்டிக்கு மேல் எடுக்க மாட்டோம். காப்பீடு, உதிரிப் பாகங்கள், எரிபொருள் எல்லாம் ஏறியிருப்பதால் கட்டணமும் சற்று மாறியிருக்கிறது. முன்பணம் இனிமேல் அடுத்த தேதிக்கு மாற்றித் தரப்படும், திருப்பித் தரப்படாது.

இனி பயணத் திட்டம். முதல் நாள் சமப்படுத்திய பாதையில் மட்டும். இரவில் இயந்திரம் ஓடிச் சமப்படுத்திய பாதை குளிரில் இறுகி காலையில் அருமையாக இருக்கும். மதியத்துக்கு மேல் வண்டிகள் ஓடி ஓடிக் குண்டும் குழியுமாகிவிடும், இடுப்பு சொல்லும். ஆகவே சீக்கிரம் கிளம்புவோம். மலை நாளுக்கு எப்போதும் இரண்டு வழி கையில் இருக்கும். எதில் போகிறோம் என்பது அன்று காலை அறிவிப்பைப் பார்த்த பிறகுதான் முடிவாகும், சில சமயம் குழியைப் பார்த்த பிறகு. ஆழமான புதுப்பனியில் பெட்ரோல் தண்ணீராய்ச் செலவாகும் என்பதால் பாதித் தொட்டி தீர்வதற்குள்ளேயே திரும்பும் முடிவை எடுத்துவிடுவோம். உயரம் ஏற ஏற எஞ்சின் வலுவும் குறையும். நேற்று பறந்த வண்டி இன்று முனகினால் அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

உடையில் சிக்கனம் வேண்டாம். மைனஸ் 15 டிகிரியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 30 போல இருக்கும். பருத்தி பனியன் வியர்வையைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும், கம்பளியோ செயற்கை இழையோ போடுங்கள். அணைப்பான் கயிற்றை (வண்டியிலிருந்து விழுந்தால் எஞ்சினை நிறுத்திவிடும் கயிறு) மேல்சட்டையில் மாட்டாமல் யாரும் கிளம்பக் கூடாது, எத்தனை வருடப் பழக்கமாக இருந்தாலும் சரி.

வருடா வருடம் வருகிறவர்களுக்கு என்ன சொல்வது! பேச்சு பரவிய வாரத்தில் எங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்தீர்கள். கணவாய் மூடியிருந்த வருடங்களிலும் பள்ளத்தாக்கிலேயே சுற்றிவிட்டுச் சிரித்த முகத்தோடு போனீர்கள். இந்தச் சின்ன நிறுவனம் ஓடுவதே உங்களால்தான், மனமார்ந்த நன்றி. அந்தக் குழுவினருக்கும் கதவு திறந்தே இருக்கிறது. வந்தால் அதே சரிவைக் காட்டுகிறேன், பனி அனுமதித்தால் ஏறியும் போகலாம்.

தேதி கேட்டு எழுதும்போது ஒவ்வொருவரின் உயரம், எடை, இதற்கு முன் ஓட்டிய பழக்கம் ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். பனியில் உருண்டு வண்டியைத் தள்ளும் பட்டை நீளமாக உள்ள மலை வண்டியா, பாதை வண்டியா என்று அதை வைத்துத்தான் ஒதுக்குவோம். ஹெல்மெட் அளவையும் மறக்க வேண்டாம்.

அன்புடன்,
உரிமையாளர்