லோடோடு சீட்டும் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இயற்கை எருவுக்கு எதற்கு இத்தனை விதிகள் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் அலுத்துக்கொண்டிருந்தார். எரு போட்டே பயிர் செய்கிற எனக்கும் விதி என்றால் எரிச்சல்தான். ஆனால் ஒருமுறை கோழி எருவைக் குவித்து வைத்த அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் வாய்க்காலில் கஷாய நிறத்தில் தண்ணீர் ஓடுகிறது. பயிருக்கு வாங்கிய தழைச்சத்து (நைட்ரஜன்) யாருடைய கிணற்றுக்குப் போனதோ!

ஐரோப்பிய ஒன்றியம் 1991லேயே இதற்கு அளவு வைத்துவிட்டது. தழைச்சத்து நைட்ரேட்டாகத் தண்ணீரில் கலந்து பாதிக்கிற பகுதிகளில் எக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் கால்நடை எரு போடக் கூடாது. சரி, நல்ல விதிதான். ஆனால் தழைச்சத்துக் கணக்கை மட்டும் பார்த்துக் கோழி எரு போட்டால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) தேவைக்கு மேல் ஏறிவிடும்.

எனக்குள்ள பெரிய குறை வேறு. எல்லா விதியும் வயல்காரன் தலையிலேயே விடிகிறது. கனடாவின் வாக்கர்டன் ஊரில் 2000 மே மாதப் பெருமழையில் மாட்டெருவிலிருந்த ஈகோலைக் கிருமி ஊர்க் கிணற்றில் இறங்கி ஏழு பேர் இறந்தார்கள். எரு போட்ட விவசாயி முறைப்படிதான் போட்டிருந்தார், அவர்மேல் தவறில்லை என்றது விசாரணை. கிணறு ஆழமில்லாதது; குளோரினும் ஒழுங்காகக் கலக்கவில்லை.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சாக்கடைக் கசடை அனுமதியோடுதான் வயலில் கொட்டினார்கள். ஈயம், காட்மியம், பாதரசத்துக்கெல்லாம் வரம்பு இருந்தது. எளிதில் சிதையாத பிஃபாஸ் (PFAS) ரசாயனங்கள் மட்டும் பட்டியலில் இல்லை. மண்ணிலும் கிணற்றிலும் பாலிலும் அவை தென்பட்ட பிறகு, 2022இல் கசடு போடுவதற்கே தடை வந்தது. போட்டது போட்டதுதானே, அந்த மண்ணை யார் கழுவித் தருவது?

நான் கேட்பது ஒன்றுதான். கழிவைத் தருகிறவர், அது நகராட்சியோ ஆலையோ, ஒவ்வொரு லோடோடும் பரிசோதனைச் சீட்டைத் தர வேண்டும். என்ன சத்து எவ்வளவு, எந்த உலோகம், எந்த ரசாயனம், மாதிரி எடுத்த தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். இப்போது நடப்பது என்ன? "நல்ல உரம், சும்மாவே எடுத்துக்கோங்க" என்று வரப்போரம் கொட்டிவிட்டு லாரி போய்விடுகிறது. கையில் அள்ளிப் பார்த்தால் பிளாஸ்டிக் இழை தெரியும், பாட்டில் மூடி தெரியும், காட்மியம் தெரியுமா? சீட்டில்லாத லோடைத் திருப்பி அனுப்பும் உரிமையை விதியிலேயே எழுதி வைக்கட்டும். அப்புறம் என் வயலில் வந்து எத்தனை சோதனை வேண்டுமானாலும் செய்யட்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி