வால்டாக்ஸ் சாலையிலிருந்து ஒரு கடிதம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்து, தாயும் சேயும் உன் வீட்டிலேயே இருக்கிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஓய்வுபெற்ற பின் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். எங்கள் தெருப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து, வியாழன்தோறும் இரவு ஒன்பது மணிக்கு மேல் சென்ட்ரல் அருகே வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் பிள்ளைகளோடு தங்கியிருக்கும் தாய்மார்களைப் பார்க்கப் போகிறோம். பகலில் போனால் பாதிப்பேர் பூக்கடைப் பக்கம் வேலைக்குப் போயிருப்பார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் வீடற்றோர் ஏறத்தாழ 17.7 லட்சம் என்கிறது. பிப்ரவரி 28ஆம் தேதி ஒரே இரவில் எடுத்த கணக்கு அது. ஆள் அரவம் கேட்டாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருட்டுக்குள் ஒதுங்கும் பெண்களை நேரில் கண்ட பிறகு, அந்த எண்ணில் எத்தனை தாய்மார்கள் விடுபட்டிருப்பார்களோ என்றே தோன்றுகிறது.

அப்படி ஒதுங்கியவள்தான் ஒருத்தி. கணவன் வீட்டு அடி தாங்காமல் எட்டு வயது மகனோடும் மூன்று வயது மகளோடும் வெளியேறியவள், பூக்கட்டிப் பிழைக்கிறாள். ஆறு வாரம் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏழாவது வாரம் அரிசிப் பானைக்குள் கைவிட்டு, பால் கவரில் சுற்றி நூலால் கட்டியிருந்த ஒன்றை எடுத்து, மூக்குக் கண்ணாடி அணிந்திருந்த என்னிடம் நீட்டி, "அடுத்த ஊசி எப்போன்னு பாத்துச் சொல்லுங்கம்மா" என்றாள். மகளின் தடுப்பூசி அட்டை அது. மழையில் துணிமணியெல்லாம் நனைந்தபோதும் அதை மட்டும் நனைய விடவில்லையாம்.

அதன் பிறகு நான் ஒரு தவறு செய்தேன். கூரை கிடைத்தால் போதும் என்று எண்ணி, அவளிடம் சரியாகக் கேட்காமலேயே ஒரு காப்பகத்தில் இடம் பேசிவிட்டேன். மகனை அங்கே சேர்க்க இயலாது, ஆண் பிள்ளைகளுக்கு வேறு இடம் என்று சொன்னதும், அன்றிரவே இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நடைபாதைக்கே திரும்பிவிட்டாள். நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொன்னது உண்மைதான். ஆனால் தாயையும் மகனையும் பிரிக்கும் கூரையை எந்தத் தாய் ஏற்பாள்?

வீடு கிடைப்பதற்கு முன்பே அவளுக்கு வேண்டியது முகவரி என்பது அதன் பிறகே எனக்குப் புரிந்தது. முகவரி இல்லாததால் ரேஷன் அட்டை இல்லை. அட்டை இல்லாததால் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்கவும் வழியில்லை. வார்டு கவுன்சிலரின் சான்றைக் கொண்டு முதலில் ஆதார் எடுத்தோம். வயதுச் சான்று இல்லை என்று பள்ளியில் தயங்கினார்கள். அதற்காகச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்வதை எடுத்துக்காட்டியதும் மகனைச் சேர்த்துக்கொண்டார்கள். காலைச் சிற்றுண்டியும் அங்கேயே கிடைத்துவிடுவதால், அவளால் விடியற்காலையிலேயே பூ வாங்கப் போக முடிகிறது. ஆண் துணை இல்லாதவளுக்கு வீடு தர மாட்டோம் என்று நான்கு இடங்களில் கைவிரித்தார்கள். கடைசியில் வியாசர்பாடியில் ஓர் அறை கிடைத்தது. முன்பணத்தை நாங்கள் பகிர்ந்து கொடுத்தோம், வாடகையை அவளே கட்டுகிறாள். தடுப்பூசி அட்டை மட்டும் இன்னும் அந்த அரிசிப் பானைக்குள்தான் இருக்கிறது.

இனி உன்னிடம் ஓர் உதவி. அந்தச் சிறுமி மருத்துவமனையில் பிறக்கவில்லை. பிறப்பைப் பதியவும் இல்லை. 21 நாளுக்குள் பதிந்திருந்தால் கட்டணமின்றி முடிந்திருக்கும். ஓராண்டு கடந்துவிட்டதால் கோட்டாட்சியரின் ஆணை வேண்டும் என்கிறார்கள். நீ வருவாய்த் துறையில் முப்பது ஆண்டு இருந்தவள். அவள் கையிலிருப்பது அந்தத் தடுப்பூசி அட்டை ஒன்றுதான். மனுவை எப்படி எழுதுவது, சாட்சியாக யார் யார் கையெழுத்திட வேண்டும் என்று விவரமாக எழுது. அடுத்த வியாழனுக்குள் கிடைத்தால் நேரே அவள் வீட்டுக்கே எடுத்துச் செல்வேன்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழி