கோமதிக்கு, அஞ்சு சென்ட் சினிமா பத்தி

அன்புள்ள கோமதிக்கு,

உன் லெட்டர் கெடச்சுது. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு படிச்சப்புறம்தான் மனசு ஆறுச்சு, சொட்டு மருந்து மட்டும் நேரம் தப்பாம போட்டுவிடுடி. இங்க சின்னவளுக்கு காலேஜ் சீட்டுக்காக அலைஞ்சிட்டு இருக்கோம், வேற விசேஷம் ஒண்ணும் இல்ல.

நடிகருங்க பின்னாடி அலையறது நம்ம ஜனங்களுக்கு மட்டும் புடிச்ச வியாதின்னு எழுதியிருந்தியே, அத என்னால ஒத்துக்க முடியல. அமெரிக்காவுல சினிமா தொழில் வளந்த கதைய இப்போ படிச்சிட்டு இருக்கேன், அதையே நிமித்தி நிறுத்தினது இந்த ஜனங்களோட ஆசைதான்டி.

எடிசன் கம்பெனி முதல்ல கொண்டு வந்தது ஒரு மரப்பெட்டி, ஒருத்தர் குனிஞ்சு ஓட்டை வழியா உள்ள ஓடற படத்த பாக்கணும், அவ்ளோதான். 1894ல நியூயார்க்ல இதுக்குன்னே கடை தொறந்தாங்க, 25 சென்ட், அதாவது கால் டாலர், குடுத்தா அஞ்சு பெட்டி பாக்கலாம். கொஞ்ச வருஷத்துல அது சலிச்சுப் போச்சு. அப்புறம் திரையில காட்ட ஆரம்பிச்சாங்க, அதுவும் பெரும்பாலும் ஆட்டம் பாட்டு வித்தைன்னு நடக்கற கொட்டகையில நடுவுல வர்ற ஒரு ஐட்டமாத்தான் ஓடுச்சு.

1905ல பிட்ஸ்பர்க்ல ஹாரி டேவிஸ், ஜான் ஹாரிஸ்னு ரெண்டு பேரு, நூறு பேர் கூட உக்கார முடியாத ஒரு கடையில நாற்காலி போட்டு டிக்கெட் அஞ்சு சென்ட்னு வச்சாங்க பாரு, காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சா நடுராத்திரி வரைக்கும் கூட்டம். இந்த மாதிரி கொட்டகைக்கு வந்ததெல்லாம் யாருங்கற, ஆலையில வேலை பாக்கறவங்க, கப்பல்ல வந்து எறங்கி இங்கிலீஷ் ஒரு வார்த்த தெரியாதவங்க, கைக்குழந்தையோட வர்ற பொம்பளைங்க. நாடகம் பாக்க காசு இல்லாத ஜனங்க. படத்துல பேச்சே கெடையாதுங்கறதால எந்த நாட்டுக்காரனுக்கும் புரிஞ்சுது. மூணே வருஷத்துல நாடு முழுக்க எட்டாயிரம் கொட்டகை இருந்திருக்கும்னு கணக்கு சொல்றாங்க. வார்னர் சகோதரர்கள் பென்சில்வேனியாவுல கொட்டகை ஆரம்பிச்சப்ப, சவ அடக்க வேலை பாக்கற ஒருத்தர்கிட்ட நாற்காலி வாங்கித்தான் போட்டாங்களாம், அங்க சாவு விழுந்தா நாற்காலிய திருப்பி அனுப்பணுமாம்!

ஷோ மொத்தமே அரை மணி நேரம் கூட தாண்டாது, நேத்து வந்தவங்களே இன்னைக்கும் வருவாங்க, அப்போ படத்த மாத்திக்கிட்டே இருக்கணும், நெறய எடத்துல தினம் ஒரு படம். அடி கணக்குல பிலிம வெல குடுத்து வாங்கி கட்டுப்படி ஆகுமா? அதான் வாடகைக்கு விடற கம்பெனிங்க பெருகுச்சு, படம் எடுக்கறவங்களும் வாரா வாரம் எடுத்துத் தள்ள வேண்டியதாச்சு.

எனக்கு ரொம்ப புடிச்ச எடம் இனிமேதான் வருது. நடிக்கறவங்க பேர கம்பெனிக்காரங்க போடவே மாட்டாங்க, பேர் தெரிஞ்சா சம்பளம் ஏத்திக் கேப்பாங்கன்னு பயம். ஆனா படம் பாத்த ஜனங்க விடல, அந்தப் பொண்ணு யாரு, பேர் என்னன்னு கம்பெனிக்கு லெட்டர் மேல லெட்டர். பேர் தெரியாததால பயோகிராஃப் கம்பெனியில நடிச்ச ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ "பயோகிராஃப் பொண்ணு"ன்னே கூப்பிட்டாங்க. துணிக்கடையில வேலை பாத்துட்டு சினிமாவுக்கு வந்த கார்ல் லெம்லிக்கு இது புரிஞ்சுபோச்சு, அந்த அம்மாவ தன் கம்பெனிக்கு இழுத்துட்டாரு. 1910ல அவங்க டிராம்ல அடிபட்டு செத்துட்டாங்கன்னு ஒரு புரளி, உடனே அது பொய்னு லெம்லி விளம்பரம் குடுத்து செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு நேர்லயே கூட்டிட்டுப் போனாரு, பாக்கறதுக்கு அப்படி ஒரு கூட்டம். புரளிய கெளப்பினதே அவருதான்னும் எழுதறாங்க. சாப்ளின எடுத்துக்கோ, 1914ல சம்பளம் வாரம் 150 டாலர், 1916ல வாரம் 10,000 டாலர். ஜனங்க அவரத்தான் கேட்டாங்க, முதலாளிங்க குடுத்துத்தான் ஆகணும்.

எடிசன் 1908ல பெரிய கம்பெனிகள சேத்துக்கிட்டு மத்தவன் யாரும் தொழில் பண்ணக்கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டாரு, அது செல்லாதுன்னு 1915ல கோர்ட்டே சொல்லிடுச்சு. அதுக்குள்ள ஜனங்க நீளப் படத்துக்கும் நட்சத்திரத்துக்கும் பழகிட்டாங்க, அத குடுத்தவங்கதான் ஹாலிவுட்ல நெலைச்சாங்க.

உங்க கோயம்புத்தூர்லயே பாரேன், வெரைட்டி ஹால் ரோடு. திருச்சியில ரயில்வேயில வேலை பாத்த சாமிக்கண்ணு வின்சென்ட் அதே 1905லதான் ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊரா டென்ட் போட்டு படம் காட்டினாரு, அப்புறம் உங்க ஊர்ல அவர் கட்டின தியேட்டர்தான் வெரைட்டி ஹால். அடுத்த மாசம் அங்க வர்றேன், அந்த ரோட்டுக்கு என்னை கூட்டிட்டுப் போ, வியாதியா இல்லையான்னு அங்க நின்னு பேசிக்கலாம். அம்மாவ கேட்டேன்னு சொல்லு.

அன்புடன்,
செல்வி