தரங்கம்பாடி வாசலுக்கு உள்ளே நாங்களும் குடியிருக்கிறோம்

தரங்கம்பாடி பேரூராட்சி மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வாசலில் கோலம் போட்டு நிமிர்ந்தபோது எங்கள் திண்ணையில் ஒரு மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட்டாம். கேமராக்காரத் தம்பி மரியாதையாகத்தான் கேட்டார்: "ஆன்ட்டி, கொடியில காயிற துணிய மட்டும் கொஞ்சம் எடுத்துடுறீங்களா? பழைய வீட்டு லுக் வரமாட்டேங்குது." அம்மா எடுத்துவிட்டார். அந்தக் கொடியில் மூன்று தலைமுறையாகத் துணி காய்கிறது. அதனால்தான் வீடு இன்னும் நிற்கிறது என்று அந்தத் தம்பிக்கு யார் சொல்வது?

சும்மா சொல்லவில்லை. ஆள் இல்லாத வீட்டில் ஓடு விலகினால் பார்க்க ஆள் இல்லை. மழை இறங்கும், தேக்கு உத்திரம் உளுக்கும், சுவரில் ஆலங்கன்று முளைக்கும். கிங்ஸ் தெருவை ஒட்டிய சந்துகளில் நடந்து பாருங்கள், எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதைச் சுவரே சொல்லும்.

நம் ஊர் தப்பிப் பிழைத்ததற்கு யாருடைய ரசனையும் காரணமில்லை. 1620இல் தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கரிடம் குத்தகைக்கு இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் ஊரை விற்றுவிட்டுப் போனார்கள். அப்புறம் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, வியாபாரமும் அங்கே போயிற்று. இடித்துப் புதிதாகக் கட்ட இங்கே யாரிடமும் காசில்லை. அப்படி மிஞ்சிய ஊர்தான் இது. இப்போது காசு இரண்டு பக்கமும் வருகிறது. 1792இல் டேனிஷ்காரர்கள் கட்டிய ஊர் வாசலுக்கு உள்ளே வீடுகள் தங்கும் விடுதிகளாகின்றன. வெளியே பொறையார் பக்கம், நான்குவழிச் சாலையை நம்பி வயலில் மனைக்கல் நடுகிறார்கள்.

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கோட்டை எதிரே மீன் வறுத்து விற்கும் அக்காவுக்கு வாரக் கடைசிதான் பிழைப்பு. இந்தக் கடற்கரையில் ஓசோன் காற்று வீசுகிறதாம், அதை வாங்க வந்தோம் என்று நெஞ்சு நிறைய மூச்சிழுப்பவர்களையும் நான் தடுப்பதில்லை. (அது உப்புக்காற்று. எங்கள் கம்பிக் கதவைக் கேட்டால் தெரியும்.)

என் சங்கடம் வேறு. எங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்புச் சுவர். போன மழையில் பூச்சு உதிர்ந்தது. சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைந்தேன். கிடைத்தவர் விடுதி வேலையில் இருந்தார், அவர்கள் கொடுக்கும் கூலி எனக்குக் கட்டாது. கடைசியில் சிமென்ட் பூசினோம். உள்ளே இருக்கும் ஈரமும் உப்பும் வெளியேற வழியில்லாமல் எட்டே மாதத்தில் பூச்சு பொருக்கோடு பெயர்ந்து, செங்கல்லையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு விழுந்தது. தப்பு எங்களுடையதுதான். ஆனால் வசதி இருப்பவருக்கு மட்டும் சரியான வேலை கிடைக்கும் என்றால், இன்னும் பத்து வருஷத்தில் வாசலுக்கு உள்ளே விருந்தாளிகள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

ஊரை அழகுபடுத்தப் பணம் வரும்போது விளக்குக் கம்பத்துக்கும் நடைபாதைக் கல்லுக்கும் போவதில் ஒரு பங்கை இதற்குக் கொடுங்கள். ஒரு சுண்ணாம்புத் தொட்டி, ஒரு அரவை, நம் ஊர்ப் பையன்கள் நாலு பேருக்குப் பயிற்சி. குடியிருப்பவருக்கு அடக்க விலை, விடுதிக்குச் சந்தை விலை. அப்படியே, எந்த வீட்டில் எதை இடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று தமிழில் ஒரே தாளில் எழுதி ஒட்டுங்கள். இப்போது நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வருகிறது.

வெளியே போடும் மனைகளுக்கும் ஒரு வார்த்தை. வடிகால் வெட்டிய பிறகு அனுமதி கொடுங்கள். வயல் உள்வாங்கிக்கொண்டிருந்த ஐப்பசி மழை இனி எங்கே போகும் என்று மனை விற்பவர் கவலைப்பட மாட்டார்.

மக்களைக் கேட்டுச் செய்வது நடக்காத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். சுனாமிக்குப் பிறகு இதே ஊரில், கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸும் மீனவர் சங்கக் கூட்டமைப்பும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசித்தான் வீடுகளை வடிவமைத்தார்கள். அவ்வளவு இழப்புக்கு நடுவே முடிந்தது இப்போது முடியாதா?

எங்களையும் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். எண்பதுகளில் ரயிலை நிறுத்தியதிலிருந்து எல்லாரும் சாலை வழியாகத்தான் வருகிறார்கள், அன்றைக்கு உங்கள் வண்டியை நிறுத்தவும் இடம் இருக்காது.

இப்படிக்கு,
வாசலுக்கு உள்ளே குடியிருப்பவன்