பங்குனியில் வாருங்கள்

ஹென்னிங்ஸ்வேர்,
லொஃபோடன், நோர்வே.

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நீங்கள் ஆடி மாதம் இங்கே வர யோசிப்பதாகத் தம்பி சொன்னான். ஒஸ்லோ மாமாதான் சொல்லியிருப்பார், கோடையில் குளிர் இல்லை, இரவிலும் வெயில் என்று. அது உண்மைதான். வைகாசி கடைசியிலிருந்து ஆடி நடுப்பகுதி வரை இங்கே சூரியன் கடலுக்குள் இறங்குவதே இல்லை. ஆனால் அப்பா, அந்த நேரம் வந்தால் மலையையும் உல்லாசப் பயணிகளையும்தான் காண்பீர்கள். மீன்பிடி ஊரைப் பார்ப்பதென்றால் பங்குனியில் வரவேண்டும்.

தை பிறந்தால் பாரன்ட்ஸ் கடலிலிருந்து கொட் மீன் சினை விட இந்தப் பக்கம் இறங்கத் தொடங்கும். சித்திரை வரை இருக்கும். அப்படி வரும் மீனை இங்கே ஸ்க்ரெய் என்கிறார்கள். அதற்காகவே கரையோரம் முழுவதிலிருந்தும் படகுகள் வந்து சேரும். ஐந்நூறு பேர் அளவில் இருக்கும் இந்தச் சின்ன ஊரின் துறைமுகத்தில் அப்போது கால் வைக்க இடம் கிடைக்காது. ஒருவர், இரண்டு பேராகப் போகும் சிறு படகுகளும் நிறைய. விடிய வெளிக்கிட்டுப் பின்னேரம் கரைக்கு வந்துவிடுவார்கள். தூண்டிலை மட்டுமே நம்பி மீன் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கயிற்றை ஆட்டி இழுப்பது மட்டும் இப்போது மெஷின்.

உங்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது கருவாடு. உப்பே போடுவதில்லை அப்பா! தலையை வெட்டிக் குடலை எடுத்து, இரண்டிரண்டு மீனாக வாலில் கட்டி, உயரமான மரப் பந்தல்களில் தொங்கவிடுகிறார்கள். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். இவ்வளவு வடக்கே இருந்தும் வெந்நீரோட்டத்தால் இங்கே கடல் உறைவதில்லை. மாசி, பங்குனியில் காற்று பூச்சியப் பாகையை ஒட்டியே நிற்கும். அதைவிடக் குளிர்ந்தால் சதை உறைந்து கெட்டுவிடும், சூடேறினால் ஈ மொய்க்கும். இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு காற்று கிடைத்ததுதான் இந்த ஊர்களின் அதிர்ஷ்டம். ஆனியில் இறக்கும்போது ஐந்து கிலோ மீன் ஒரு கிலோவாகி விறகுபோல் இருக்கும். பிறகு தரம் பிரிக்கிறவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, பார்த்து, மணந்து, இருபது தரம் வரை பிரிப்பார். அந்த வேலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் நினைவுதான். நல்லது பெரும்பாலும் இத்தாலிக்குப் போகிறது. 1432இல் கப்பல் உடைந்து ரொஸ்ட் தீவுப் பக்கம் ஒதுங்கிய குவெரினி என்ற வெனிஸ் வணிகர்தான் இதை முதலில் அங்கே கொண்டுபோனார் என்பார்கள்.

அம்மா, தலைகளைக் கண்டால் நீங்கள் சும்மா விடமாட்டீர்கள். அவற்றைத் தனியாகக் கோத்துக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே சூப்புக்குப் போடுவார்களாம். அதற்கு முன் நாக்கை வெட்டி எடுக்க வேண்டும். அது பிள்ளைகளின் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் பெரிய ஏப்ரன் கட்டிக்கொண்டு நான் வேலை செய்யும் மீன் ஆலைக்கு வருவார்கள். ஆணியில் தலையைக் குத்தி ஒரே வெட்டு, நாக்கு வாளிக்குள். விற்ற காசு அவர்களுக்கே. மாவில் புரட்டிப் பொரித்தால் நல்ல ருசி.

அடுத்தது ட்ரோல்ஃபியோர்ட். பக்கத்து நகரமான ஸ்வொல்வேரிலிருந்து படகில் போகலாம். பெரிய கடற்கழுகுகள் தலைக்கு மேலேயே பறக்கும். மலைகளுக்கு நடுவே வாய் நூறு மீற்றர் அளவே அகலமான ஒரு குடா அது. 1890இல் அதற்குள் மீன் குவிந்து நின்றபோது, நீராவிக் கப்பல்காரர் வாயை வலையால் அடைத்துவிட்டார்கள். சிறு வள்ளக்காரரை உள்ளே விடவில்லை. வள்ளக்காரர் எல்லாரும் ஒன்றாய்த் திரண்டு அடித்துப் பிடித்து உள்ளே போனார்கள். பிறகு சட்டமே வந்தது, லொஃபோடனில் அப்படிச் சுற்றிவளைத்துப் பிடிக்கக் கூடாது என்று. இழுவைப் படகுகள் வந்துபோன மறுநாள் அறுந்த வலையை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் குருநகர்க் கரையில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இலங்கையில் 2017இல் இழுவை முறையைத் தடைசெய்து சட்டம் போட்டும் கடலில் அது நின்றபாடில்லை என்று நீங்களே சொன்னீர்கள். இந்தக் குடாவுக்குள் உங்களை ஒருமுறை கூட்டிக்கொண்டுபோக வேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆசை.

கபெல்வோக்கில் 1898இல் கட்டிய பெரிய மரக் கோவில் ஒன்று இருக்கிறது. ஆயிரத்து இருநூறு பேர் இருக்கலாம். மீன் காலத்தில் வந்து தங்கும் தொழிலாளருக்காகத்தான் அவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள். சபை வேறு என்றாலும் அம்மா அங்கே இருந்து செபிக்கலாம். லொஃபோடன் நெடுஞ்சாலையின் கடைசியில் ஓ என்ற ஊரில் மீன்பிடி அருங்காட்சியகமும், 1844இல் தொடங்கிய பழைய பேக்கரியும் உண்டு. கறுவாப் பணிஸ் வாங்கித் தருகிறேன். ரெய்னே மலைக்கு நேபாள ஷெர்பாக்கள் கட்டிய கல்படி இருக்கிறது, அப்பாவின் முழங்காலுக்கு அது வேண்டாம். கீழே நின்று பார்த்தாலே வடிவு. வானம் வெளித்தால் வடதுருவ ஒளியும் தெரியும். கோடையில் வந்தால் அது கிடைக்காது.

தங்குவதற்கு என் வீடு போதும். ஆனாலும் ஓர் இரவு ரோர்புவில் தங்குவோம். கடலுக்குள் மரக்கால் ஊன்றிக் கட்டிய சிவப்பு வீடு. முன்பு மீன்காரர் படுத்த இடம், இப்போது வாடகைக்கு விடுகிறார்கள்.

ஒஸ்லோவிலிருந்து போடோ வந்து, அங்கே சின்ன விமானத்தில் ஏறி ஸ்வொல்வேரில் இறங்கலாம். புயல் என்றால் விமானம் ஓடாது, அதனால் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தடித்த உடுப்பு, சப்பாத்து எல்லாம் இங்கே எடுத்துவைத்திருக்கிறேன், அங்கே காசைச் செலவழிக்க வேண்டாம். அழைப்புக் கடிதத்தை அடுத்த கிழமை அனுப்புகிறேன். விசா கிடைக்க நாள் எடுக்கும், கெதியாய் முடிவு சொல்லுங்கள்.

அம்மா, வரும்போது வறுத்து இடித்த மிளகாய்த்தூள் இரண்டு கிலோ, கொஞ்சம் பழப்புளி. இந்த மீனுக்குச் சுவை குறைவில்லை, காரம்தான் இல்லை.

அன்புடன்,
உங்கள் மகள்