பில்ட் முடிந்தது: நாலு பேருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்கா, சார், அண்ணாச்சி, மின்னஞ்சலில் மட்டுமே பழக்கமான போர்ட் பராமரிப்பாளர் அவர்களுக்கு,

தனித்தனியாகப் போன் போட்டே நன்றி சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களில் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. பெங்களூருவில் இருக்கும் அக்காவுக்குப் பாளையங்கோட்டை அண்ணாச்சி யாரென்றே தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

எங்கள் பதிப்பகத்தின் மூலையில் ஃப்ரீபிஎஸ்டி 11 என்ற இயங்குதளம் போட்ட ஒரு பழைய 32 பிட் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சார் எழுதிய குறியீடு மாற்றி அதில்தான் இருந்தது. 1999-ல் தமிழக அரசு தரப்படுத்திய டாம் குறியீட்டில் தட்டச்சான புத்தகங்களை யூனிகோடுக்குக் கொண்டுவரும் சி நிரல். டாமில் கொம்பு முதலில் வரும், மெய் பிறகு வரும். யூனிகோடில் வரிசை நேர் எதிர். அந்தத் திருப்பிப் போடும் வேலையை இத்தனை வருடம் முணுமுணுக்காமல் செய்த நிரல், பெட்டி புகைந்ததும் புது 64 பிட் இயந்திரத்தில் ஃப்ரீபிஎஸ்டி 14 போட்டவுடன் பில்ட் ஆக மாட்டேன், அதாவது ஓடும் நிரலாக மாற மாட்டேன் என்றது.

அதற்கும் முன்னால் ரஸ்ட் என்ற நிரல்மொழியால் தொல்லை. லிப்ஆர்எஸ்விஜி என்ற ஒரு நிரல் நூலகம் வேண்டியிருந்தது. அதற்காக ரஸ்ட் கம்பைலரையே (மூலநிரலை இயந்திர மொழியாக்கும் நிரல்) முழுசாகக் கட்ட வேண்டும் என்று போர்ட்ஸ் சொல்லிவிட்டது. போர்ட்ஸ் என்பது மென்பொருள்களை மூலநிரலிலிருந்து கட்டித் தரும் ஃப்ரீபிஎஸ்டியின் தொகுப்பு, அதில் ஒவ்வொன்றும் ஒரு போர்ட். மூன்று மணி நேரம் ஓடும், பிறகு செத்துப்போகும். பில்ட் பதிவின் கடைசி இருபது வரிகளைப் பராமரிப்பாளருக்கு அனுப்பினேன். பதில் இரண்டே வரி: முழுப் பதிவையும் அனுப்பு, அதற்கு முன் டிமெசேஜ் அடித்துப் பார். அது இயங்குதளத்தின் மையமான கெர்னல் எழுதும் செய்திகளைக் காட்டும் கட்டளை. பார்த்தேன். நினைவகத்தை மீட்க முடியாததால் சி++ கம்பைலரைக் கொன்றுவிட்டேன் என்று கெர்னல் அங்கே எழுதிவைத்திருந்தது. பில்ட் பதிவில் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நான் அதுவரை கம்பைலரைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

8 ஜிபி ராமில் எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டது என் தப்பு. போதாக்குறைக்கு, போர்ட்களைக் கட்டும் கருவியான பவுட்ரியேர் தன் வேலை அடைவையும் (ஃபோல்டர்) ராமிலேயே வைத்துக்கொண்டிருந்தது. (பவுட்ரியேர் என்றால் பிரெஞ்சில் வெடிமருந்துக் கிடங்கு. பெயர் வைத்தவருக்கு அனுபவம் இருந்திருக்க வேண்டும்.) வேலைகளை இரண்டாகக் குறைத்து, வேலை அடைவை வட்டுக்கு மாற்றினேன். அண்ணாச்சி, நான் விலை கேட்கத்தான் கடைக்கு வந்தேன். நீங்களோ இரண்டு ராம் குச்சியை எடுத்து நீட்டி, "வேல முடிஞ்சதும் கொண்டாந்து குடுடே" என்றீர்கள். ரசீதும் இல்லை, முன்பணமும் இல்லை. அன்றிரவே ரஸ்ட் முடிந்தது.

சாரின் நிரலுக்கு வருகிறேன். என்னிடம் இருந்த டார் கோப்பு (மூலநிரலை மூட்டையாகக் கட்டிவைத்த கோப்பு) பழைய வட்டோடு போய்விட்டது என்று நினைத்து, சார் வீட்டுப் பென் டிரைவில் இருந்ததை வாங்கி வந்தேன். டிஸ்ட்இன்ஃபோ கோப்பில் பதிந்திருந்த எஸ்ஹெச்ஏ256 எண் (கோப்பின் கைரேகை மாதிரி) பொருந்தவில்லை. உடனே மேக்சம் கட்டளை கொடுத்துப் புது எண்ணைப் பதியப் போனேன். போனில் அக்கா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, கையை எடு! எது மாறிச்சுன்னு பாக்காம பூட்டையே மாத்துவியா?"

காப்பு வட்டைத் தேடிப் பழைய டாரை எடுத்து, இரண்டையும் பிரித்து டிஃப் போட்டு ஒப்பிட்டோம். ஒரே ஒரு கோப்பில், ஒரே ஒரு வரி. ஸ்ரீ என்ற எழுத்துக்கான வரி. 2005-ல் யூனிகோட் 4.1-ல் ஶ என்ற எழுத்து சேர்ந்த பிறகு, அதை வைத்து ஸ்ரீயை எழுதும் முறைக்குச் சார் தன் பிரதியை மாற்றியிருக்கிறார். சார் செய்தது சரிதான். ஆனால் எங்கள் பட்டியலில் உள்ள தலைப்புகளெல்லாம் ஸ வைத்து எழுதும் பழைய முறையில் இருக்கின்றன. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடினால் ஒன்று மற்றொன்றோடு பொருந்தாது. அன்று மேக்சம் கொடுத்திருந்தால், ஸ்ரீயில் தொடங்கும் புத்தகங்கள் ஏன் பாதிதான் கிடைக்கின்றன என்று அடுத்த வருடம் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்தது, ஒரே மாறி (வேரியபிள்) நாலு கோப்பில் இருக்கிறது என்று, நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கர் மறுத்தது. சி கம்பைலரான கிளாங்கில் 11-ஆம் பதிப்பு முதல் நாலையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் சலுகை இயல்பாகக் கிடையாது, ஹெட்டரில் (பொது அறிவிப்புக் கோப்பு) எக்ஸ்டர்ன் என்ற சொல்லைப் போட வேண்டும் என்று அக்கா சொல்லி ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

கடைசிப் பிழைதான் பெரியது. அறிவிக்காத ஃபங்ஷனை அழைக்கிறாய் என்று கிளாங் 16 நின்றுவிட்டது. முன்பெல்லாம் எச்சரிக்கையோடு விட்டுவிடும். நானும் கெட்டிக்காரத்தனமாக, பிழையை மறுபடி எச்சரிக்கையாக்கும் கொடியை (கம்பைலர் ஆப்ஷன்) போட்டேன். பில்ட் ஆனது. முதல் புத்தகத்தைக் கொடுத்ததுமே நிரல் விழுந்தது.

அக்கா திட்டவில்லை. பிழை தேடும் கருவியான எல்எல்டிபியைத் திறக்கச் சொல்லி, அந்த ஃபங்ஷன் திருப்பித் தரும் நினைவக முகவரியை இரண்டு இடத்தில் அச்சிடச் சொன்னார். உள்ளே பன்னிரண்டு இலக்கம். அழைத்த இடத்தில் எட்டு இலக்கம். அறிவிப்பு இல்லாததால், வருவது 4 பைட் முழு எண் என்று கம்பைலர் நினைத்துக்கொண்டு 8 பைட் முகவரியை வெட்டியிருக்கிறது. பழைய 32 பிட் பெட்டியில் முகவரியே 4 பைட்தான், அதனால் வெளியே தெரியவில்லை. "கதவு நம்பரோட நிறுத்திட்டு ஊர் பேரை விட்டுட்டா தபால் எங்க போகும்?" என்றார் அக்கா. ஹெட்டரில் ஒரு வரி சேர்த்தேன், கொடியை எடுத்தேன்.

சார், அந்த வரி விட்டுப்போனதற்கு நீங்கள் வருத்தம் தெரிவித்ததுதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது. எழுபது வயதைத் தாண்டியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, என் பேட்சை (திருத்தங்கள் அடங்கிய கோப்பு) வரிவரியாகப் படித்து, கமெண்டில் இருந்த சந்திப்பிழையைத் திருத்தித் தந்தீர்கள். அந்தத் திருத்தமும் பேட்சில் இருக்கிறது.

1994-ல் ஜோர்டன் ஹப்பார்ட் தொடங்கிவைத்த போர்ட்ஸை இன்றுவரை சுமக்கும் முகம் தெரியாதவர்களுக்கும் ஒரு கும்பிடு. போர்ட்ஸில் வரும் மாற்றங்களை அறிவிக்கும் அப்டேட்டிங் கோப்பை இப்போதெல்லாம் முதலில் படிக்கிறேன்.

நேற்று பவுட்ரியேர் எல்லாவற்றையும் பச்சையாகக் காட்டியது. அண்ணாச்சி, சனிக்கிழமை ராம் குச்சிகளோடு வருகிறேன். உங்களுக்குச் சர்க்கரை என்பதால் அல்வா கிடையாது, அம்மா சுட்ட கைமுறுக்குதான்.

என்றும் அன்புடன்,
பதிப்பகத்துத் தம்பி
திருநெல்வேலி