பூக்காட்டு வரப்புவரை வந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அப்பத்தாமார்களுக்குச் சுகரும் பிரஷரும் பார்க்க ஆரம்பித்து போன செவ்வாய்க்கிழமையோடு ஒரு வருஷம் முடிந்தது. நேரில் நன்றி சொன்னால் "அட விடும்மா" என்று பாதியிலேயே எழுந்து போய்விடுகிற ஆட்கள்தான் இதில் அதிகம், அதனால் எழுதிவிடுகிறேன். பேர் போட வேண்டாம் என்று பல பேர் சொன்னதால் யார் பேரும் இதில் இல்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

இதெல்லாம் தொடங்கியது என் அப்பத்தாவின் கால் சுண்டுவிரலில். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர், மல்லிகைக் காட்டில் பூ எடுக்கிற வேலை, செருப்புப் போட்டுப் பழக்கமே கிடையாது. கருவேல முள் ஏறியிருக்கிறது, ஏறியதே அப்பத்தாவுக்குத் தெரியவில்லை. சர்க்கரை வருஷக்கணக்கில் கூடியே இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போகும் என்பது எங்களுக்குத் தெரியாது, சர்க்கரை இருப்பதே தெரியாதபோது அது எங்கே தெரியப்போகிறது. மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பத்து நாள் பூசினோம். மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது விரலை எடுத்தால்தான் காலைக் காப்பாற்ற முடியும் என்று ஆகியிருந்தது. அங்கே ராத்திரி டியூட்டியில் இருந்த சிஸ்டர் கட்டுப் போட்டுக்கொண்டே, "உங்க ஊர்ல இந்த வயசுல இன்னும் எத்தன பேரு வெறுங்காலோட நடக்குறாங்க?" என்று கேட்டார். மனசுக்குள் தெருத்தெருவாக எண்ணிப் பார்த்தேன், எல்லாருமே. அக்கா, முதல் நன்றி உங்களுக்கு.

ஊரில் யாரும் எட்டிப்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். 2021 ஆகஸ்ட்டில் அரசாங்கம் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வருகிற மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் அக்கா எங்கள் தெருவுக்கும் வந்துகொண்டுதான் இருந்தார். பத்து மணிக்கு வருவார், வீடு பூட்டிக் கிடக்கும். பூ எடுத்த கையோடு களைவெட்டு, இல்லையென்றால் நூறு நாள் வேலை. எப்படியோ ஒருத்தரைப் பிடித்து உட்காரவைத்தாலும் அதற்குள் வரப்பிலேயே சீனி தூக்கலாக ஒரு டீயும் இரண்டு வடையும் உள்ளே போயிருக்கும், வெறும் வயிற்று டெஸ்ட் என்றால் எட்டு மணி நேரமாவது ஒன்றும் சாப்பிட்டிருக்கக் கூடாதே. கிழவிகளுக்கு உடம்பு மேல் அக்கறையே இல்லை என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அதற்கு இந்த மடலிலேயே மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். நாம் போன நேரம்தான் தப்பு.

அதை மாற்றியது அந்தத் தன்னார்வலர் அக்காதான். மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும், விரிந்த பூ மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் விலை போகாது, அதனால் விடியும் முன்னே எல்லாரும் காட்டில் நிற்பார்கள். "அப்ப நம்மளும் அங்கயே போயிருவோம்" என்றார், ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் போகிற மாதிரி. கிராம சுகாதார செவிலியரையும் கூட்டிக்கொண்டு ஐந்து மணிக்கெல்லாம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்கள். நெற்றியில் டார்ச் லைட்டோடு வரப்பில் வரிசையாக அப்பத்தாமார், மடியில் பூ. விரலில் குத்தினால் ரத்தம் வரவில்லை, அவ்வளவு காய்த்துப்போன விரல். டீக்கடை அண்ணன் அன்றைக்கு ஃபிளாஸ்கில் கொடுத்துவிட்டது டீ இல்லை, வெந்நீர். அதில் கையைக் கழுவித் துடைத்து, விரல் நுனியை விட்டுவிட்டு ஓரத்தில் குத்தினால் வருகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 126-ஐத் தாண்டினால் சர்க்கரை நோய் என்று கணக்கு, அதைத் தாண்டியவர்கள் பல பேர், ஒரு பெரியம்மாவுக்கு மீட்டர் நம்பரே காட்டாமல் 'ஹை' என்று நின்றது. அவர்களை எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் மறுபடி ரத்தம் எடுத்து உறுதிப்படுத்தி, மாத்திரை தொடங்கி வைத்தது செவிலியர் அக்கா.

காட்டுக்காரர் மாமாவைச் சொல்லாமல் விட முடியாது. கிலோ கணக்கில் கூலி, அரை மணி நேரம் உட்கார்ந்தால் அந்தக் காசு போச்சு. மாமா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, வீட்டு ஆட்களை இறக்கி அந்த நிரைகளைப் பறித்து, உட்கார்ந்திருந்தவர்கள் கணக்கிலேயே எடை போட்டார்.

மாத்திரை கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்ததும் என் அறிவுதான். ஒரு அம்மாச்சி சுருக்குப்பையைக் கவிழ்த்தார். காய்ந்த வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, நடுவில் சுண்ணாம்பு அப்பிய பத்துப் பதினைந்து மாத்திரை. தலை சுற்றுகிற அன்றைக்கு மட்டும் போட்டுக்கொள்வாராம், மீதியை "பெறகு ஆகும்ல" என்று சேர்த்து வைத்திருக்கிறார். பிரஷர் மாத்திரையைத் தலை சுற்றாத அன்றைக்கும் போட வேண்டும் என்று புரியவைக்க எங்களுக்கு இரண்டு மாசம் ஆனது. அந்த வேலையை முழுசாக எடுத்துக்கொண்டது எட்டாம் வகுப்புப் படிக்கிற மூன்று பிள்ளைகள், பள்ளிக்கூடம் போகிற வழியில் நாலு வீடு ஏறி "போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறும். உங்களுக்குத் தனியாக ஒரு பரோட்டா கடன் இருக்கிறது.

கருவாட்டை நிறுத்தச் சொல்லாமல், வெந்நீரில் இரண்டு தடவை ஊறவைத்துப் பிழிந்துவிட்டு உப்புப் போடாமல் குழம்பு வை என்று சொன்ன டாக்டரம்மாவுக்கும் நன்றி. நிறுத்தச் சொல்லியிருந்தால் ஒருத்தர்கூட மறுமுறை போயிருக்க மாட்டார்கள். கண்ணில் விழித்திரையைப் பார்க்க மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு வேன் கொடுத்தவருக்கும், டீசல் போட்டுவிட்டு யார் போட்டது என்று இன்றுவரை சொல்லாதவருக்கும் நன்றி. பேனர் கட்டி ஒருநாள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்களுக்கும்தான், பேனர் எங்கள் கோழிக்கூண்டுக்கு நல்ல மறைப்பு.

பாதத்தில் நைலான் இழையை வைத்து உணர்ச்சி பார்ப்பார்கள் இல்லையா, கண்ணை மூடச் சொல்லி "தெரியுதா?" என்று கேட்பார்கள். என் அப்பத்தா ஒவ்வொரு தடவையும் "தெரியுது தாயி" என்றது, இழை படாதபோதும். அந்தப் பிள்ளை மனசு கஷ்டப்படக் கூடாதாம். சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பொறுமையாகப் பார்த்த பிசியோ தம்பிக்கு என்ன சொல்ல.

கடைசியாக, மரத்துப்போன பாதத்துக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்கிற எம்.சி.ஆர். செருப்பு தைத்துக் கொடுத்த அண்ணன். ஒவ்வொரு பாதத்தையும் அட்டையில் வரைந்து எடுத்துப்போய்த் தைத்தீர்கள், கூலி வாங்கவில்லை. இரண்டு ஜோடி மட்டும் காலை இறுக்கிப் பிடிக்கிறதாம், வருகிற செவ்வாய்க்கிழமை கொண்டுவருகிறோம். அதில் ஒன்று என் அப்பத்தாவுடையது. அளவு சரியாகத்தான் இருக்கிறது, வாரை மட்டும் சிவப்பில் மாற்றித் தரக் கேட்கிறது.